பிறக்கப்போகும் குழந்தையும் ரத்தத் தட்டணுக்களும்



நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் சொல்வதைத் தமிழில் உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பவள்.

டெங்கிக் காய்ச்சல் வந்தவர் வீட்டில் "பிளேட்லெட் இறங்கிவிட்டது" என்ற பேச்சைக் கேட்டிருப்பீர்கள். தட்டணுக்கள் என்பவை அவைதான். ரத்தம் உறைய உதவுகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் பொதுவாக 150,000க்கு மேல் இருக்க வேண்டும். வயிற்றிலுள்ள குழந்தைக்கும் இவை குறையலாம்.

குழந்தையின் தட்டணுக்களில் தந்தைவழி வந்த ஓர் அடையாளம் இருக்கும். தாயிடம் அது இல்லையென்றால், சில வேளைகளில் அவர் உடல் அதை அந்நியப் பொருளாக எண்ணி எதிர்ப்புப்பொருள் உண்டாக்கும். அது நஞ்சுக்கொடி வழியாகச் சென்று குழந்தையின் தட்டணுக்களை அழிக்கும். நெகட்டிவ் ரத்தவகைத் தாய்மாருக்கு ஊசி போடுவது உங்களுக்குத் தெரியும். இதுவும் ஏறக்குறைய அதைப் போன்றதுதான். ஆனால் இது முதல் குழந்தையையே பாதிக்கலாம், தடுக்க ஊசியும் இல்லை.

அரிதாகத்தான் வரும். தாய்க்கு வலியோ காய்ச்சலோ இருக்காது. அவருடைய தட்டணு எண்ணிக்கையும் சரியாகவே இருக்கும். குழந்தை பிறந்தபின் தோலில் சிவப்புப் புள்ளிகளோ கன்றிய தடங்களோ தெரியும்போதுதான் பலருக்கும் தெரியவருகிறது. மிகவும் அஞ்ச வேண்டியது மூளையில் ரத்தக்கசிவு. அது பிறப்பதற்கு முன்பே நேரலாம்.

"சூடானதைச் சாப்பிட்டாள், கிரகணத்தில் வெளியே போனாள்" என்று மருமகளைக் குறை சொல்லாதீர்கள். இது உணவாலோ நடத்தையாலோ வருவதில்லை. டெங்கிக்குச் சிலர் கொடுக்கும் பப்பாளி இலைச் சாற்றையும் கர்ப்பிணிக்குக் கொடுக்க வேண்டாம்.

உங்களால் ஆகக்கூடிய உதவி ஒன்று உண்டு. மூத்த பிள்ளை பிறந்தபோது உடம்பில் புள்ளிகள் இருந்ததா, தட்டணு ஏற்றினார்களா? இளையவர்கள் மறந்தாலும் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த கர்ப்பத்தின் முதல் பரிசோதனையிலேயே அதை மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். அதே அடையாளம் உள்ள அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு கூடுதலாகவும் இருக்கலாம். முன்பே தெரிந்தால், தாய் தந்தை இருவரின் ரத்தத்தையும் சோதிப்பார்கள். தேவைப்பட்டால் தாய்க்கு வாரந்தோறும் இம்யுனோகுளோபுலின் மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள், பிரசவத்தையும் கவனமாகத் திட்டமிடுவார்கள். தாயின் உடன்பிறந்த சகோதரிகளும் தங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்வது நல்லது.

பிறந்த குழந்தைக்குத் தேவையானால் தட்டணு ஏற்றுவார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப்பொருள் மறைய மறைய, பெரும்பாலும் சில வாரங்களில் எண்ணிக்கை ஏறிவிடும். அதுவரை எண்ணெய் தேய்த்துக் கைகால்களை அமுக்கி நீவுவதும் காது குத்துவதும் வேண்டாம். எப்போது செய்யலாம் என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.