பொறுத்தலும் விடுத்தலும்

மலைப்பிரசங்கத்தில் இயேசுபிரான் தம் சீடர்களுக்கு ஒரு ஜெபத்தைக் கற்பித்தார். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். மிகச் சிறிய ஜெபம். ஒரு நிமிஷத்துக்குள் சொல்லி முடித்துவிடலாம். இறைவனுடைய நாமம், அவனுடைய ஆட்சி, அன்றாட உணவு, பாவமன்னிப்பு, சோதனையினின்று காப்பு என்று பல வேண்டுதல்கள் அதனுள் அடங்கியுள்ளன. ஜெபத்தைச் சொல்லி முடித்தவுடன் அவற்றுள் ஒன்றே ஒன்றை மட்டும் அவர் மீண்டும் எடுத்து விளக்குகிறார். அது உணவைப் பற்றியதன்று, ஆட்சியைப் பற்றியதுமன்று. பிறர் பிழையை நாம் மன்னியாவிடின் நம் பிழையும் மன்னிக்கப்பெறாது என்று கண்டிப்பாகவே கூறுகிறார். அந்த ஜெபத்தைச் சொல்லும்போதெல்லாம் நம்மை நாமே ஒரு நிபந்தனைக்கு உட்படுத்திக்கொள்ளுகிறோம் என்பது பெரும்பாலும் நம் நினைவுக்கு வருவதில்லை.

தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் வழிவழியாகச் சொல்லிவந்த ஜெபத்தில் 'பொறுத்தல்' என்ற சொல் இவ்விடத்தில் ஆளப்பட்டது. சீர்திருத்தச் சபையார் 'கடன்' என்றும் 'மன்னித்தல்' என்றும் சொல்லிவந்தனர். இரண்டும் நல்ல சொற்களே. பொறுத்தல் என்றவுடன், தன்னை அகழ்வாரையும் தாங்கி நிற்கும் நிலத்தை வள்ளுவர் காட்டியது நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கிரேக்க மூலத்திலுள்ள 'அஃபியேமி' என்ற வினைக்கு விட்டுவிடுதல், போகவிடுதல் என்பதே பொருள். கலிலேயாக் கடற்கரையில் மீனவர்கள் தங்கள் வலைகளை விட்டு இயேசுவைப் பின்சென்றார்கள் என்று கூறுமிடத்திலும் அதே வினைதான் வருகிறது. பொறுப்பவன் சுமையைத் தாங்கிக்கொண்டே நிற்கிறான். விடுபவனுடைய கை வெறுமையாகிறது. கிறிஸ்து சமயம் கூறும் மனமாற்றம் இவ்விரண்டில் பின்னதைச் சேர்ந்தது என்றே நமக்குத் தோன்றுகிறது. அதுவே அரிதும் ஆகும்.

அது எவ்வளவு அரிது என்பதை இயேசுபிரானே ஒரு கதையில் காட்டினார். ஓர் ஊழியன் தன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 வெள்ளிக்காசு. ஒரு காசு ஓர் ஆளின் ஒரு நாட் கூலி. கணக்கிட்டால் 6 கோடி நாட் கூலி ஆகிறது! எத்தனை பிறவி எடுத்தாலும் தீராத கடன். அரசன் மனமிரங்கி அத்தனையையும் விட்டுவிட்டான். வெளியே வந்த ஊழியனோ, தனக்கு 100 காசு தரவேண்டியிருந்த தோழனைக் கண்டு, அவன் கழுத்தைப் பிடித்து நெரித்தான். நூறு காசு சிறு தொகையன்று என்பதை நாம் மறத்தலாகாது. அது மூன்று மாதத்துக்கு மேற்பட்ட உழைப்பு. நமக்குப் பிறர் செய்யும் தீங்கு பொய்யானது என்று அக்கதை சொல்லவில்லை. அது உண்மையான கடன். ஆயினும் அளவுள்ள கடன்.

இந்தக் கதையைப் படித்தல் வேறு, தியானித்தல் வேறு. இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் ஒரு முறையை வகுத்தார். அந்நூல் 1548இல் அச்சேறியது. சுவிசேஷத்தில் கூறப்படும் நிகழ்ச்சியை மனக்கண்முன் கொணர்ந்து, இடத்தைக் கண்டு, பேச்சைக் கேட்டு, அதற்குள் தானும் ஒருவனாக நிற்கவேண்டும் என்பது அம்முறை. அவ்வாறு நின்று பார்த்தால், தோழனுடைய கழுத்திலிருக்கும் கை எவனோ ஓர் ஊழியனுடையதாகத் தோன்றாது. அந்தக் கழுத்துக்கும் ஒரு முகம் வந்துவிடும். அண்டைவீட்டானுடைய முகமாக இருக்கலாம், உடன்பிறந்தானுடையதாகவும் இருக்கலாம். தியானம் மன அமைதி தருவது என்று பலர் எண்ணுகின்றனர். முதலில் அது தருவது அமைதியன்று.

பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையற்கூடத்தில் பணியாற்றிய சகோதரர் லாரன்ஸ் இதற்கு வேறொரு வழி கண்டார். சமையல் வேலை அவருக்கு இயல்பாகவே பிடிக்காதது. பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் இறைவன் அருகிருப்பதாக உணர்ந்து, அவ்வேலையையே அன்பின் செயலாக்கிக்கொண்டார். தியானத்துக்கு ஓய்வில்லை என்பார்க்கு அவர் வாழ்க்கை விடையாகும்.

இவையெல்லாம் கொடுந்துயர் வந்த நாளில் நிற்குமா? நம் நாட்டிலேயே அண்மைக் காலத்தில் இதற்குச் சான்று உண்டு. கேரளத்தில் புல்லுவழி என்னும் ஊரிற் பிறந்த இராணி மரியா என்ற கன்னிகைத்துறவி, மத்தியப் பிரதேசத்தில் உதயநகர்ப் பகுதியிலுள்ள ஏழைப் பழங்குடி மக்களிடையே பணிபுரிந்தார். வட்டிக்காரர் பிடியிலிருந்து அவர்கள் விடுபட வழிகாட்டினார். அதனால் ஆதாயம் இழந்தவர்களின் ஏவலால், 1995ஆம் ஆண்டு பெப்ரவரி 25ஆம் நாள், பஸ்ஸில் பயணம் செய்துகொண்டிருந்த அவரை ஓர் இளைஞன் கத்தியால் பன்முறை குத்திக் கொன்றான். அப்போது அவருக்கு வயது 41. அவருடைய தங்கை செல்மி பால் அதே துறவுச் சபையைச் சேர்ந்தவர். 2002இல் அவர் இந்தூர்ச் சிறைக்குச் சென்று, தம் தமக்கையைக் கொன்றவனுடைய கையில் ராக்கிக் கயிறு கட்டினார். அவனைத் தம் உடன்பிறந்தானாக ஏற்றார்.

இடையில் ஏழாண்டுக்கு மேல் சென்றுவிட்டது என்பதைக் கவனித்தல் வேண்டும். துறவு மடத்தில் காலை ஜெபத்திலும் பூசையிலும் மாலை ஜெபத்திலும் ஆண்டவர் கற்பித்த ஜெபம் சொல்லப்படுகிறது. நாளுக்கு மூன்று முறை என்று கொண்டாலும், அந்தக் காலத்துக்குள் 8,000 முறைக்கு மேல் அந்த நிபந்தனை அவர் வாயில் வந்திருக்கும். அத்தனை முறையும் ஒரே மனநிலையில் வந்திருக்கும் என்று நாம் நினைக்கவில்லை.

ஆகவே, துயருற்றவரைப் பார்த்து 'மன்னித்துவிடு' என்று உடனே உபதேசிப்பது நமக்கு உகந்ததாகத் தோன்றவில்லை. கடனை விடும் உரிமை கடன் கொடுத்தவருக்கே உண்டு. வேடிக்கை பார்ப்பவருக்கு இல்லை. அடிபட்டவரை மேலும் அடிபட இருக்கச் செய்வதும் மன்னிப்பாகாது. ஒன்று மட்டும் ஆறுதல் தருகிறது. அந்த ஜெபத்தில் 'என்' என்ற சொல்லே கிடையாது. 'எங்கள்', 'நாங்கள்' என்றே முழுவதும் அமைந்திருக்கிறது. இன்றைக்கு அதைச் சொல்ல வாய் எழாதவருக்காக அருகில் நிற்பவர் சொல்லுகிறார்.

மன்னிப்பு நீதிமன்றத்தின் தீர்ப்பை அழித்துவிடவுமில்லை. கொலைசெய்தவர் ஆயுள் தண்டனை பெற்றுச் சிறையில் பல ஆண்டுகள் கழித்தார். பின்பு, கொல்லப்பட்டவரின் குடும்பத்தாரே அவருடைய விடுதலைக்குத் துணைநின்றனர். 2006இல் அவர் வெளியே வந்தார். பிற்பாடு கேரளத்துக்குப் பயணமாகி, புல்லுவழியிலுள்ள அந்த வீட்டுக்குச் சென்றார். அங்கே அவரை உள்ளே அழைத்துக்கொண்டார்கள்.