பட்டா இல்லாத புகழ்

(திருவொற்றியூரில் ஒரு படிப்பகத்தில் மாணவர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்ன பேச வேண்டும் என்பதை நான் முடிவு செய்யவில்லை. நம் மாலை வகுப்புக்கு வரும் ஒரு தங்கைதான் முடிவு செய்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர். கானா நன்றாகப் பாடுவார். வீட்டு மொட்டை மாடியில் நின்று பாடி, குறும் வீடியோவாகப் போடுவார். அதில் ஒன்று ஓடிவிட்டது. இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். போன வாரம் வந்து கேட்டார்: "அண்ணே, காலேஜுக்குப் போகாம இதையே முழு நேரமா பண்ணலாமா?"

இது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியை அவர் வாயால் கேட்கவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கமெண்டுகள். முதலில் "குரல் சூப்பர்". அப்புறம் "எந்த ஏரியா?" அப்புறம் "புள்ளிங்கோ". அப்புறம் சாதிப் பெயர். அப்புறம் அவருடைய அம்மாவைப் பற்றி, இங்கே சொல்ல முடியாத சொற்கள். "எல்லாத்தையும் டெலீட் பண்ணிடட்டுமாண்ணே" என்றார்.

இந்த இரண்டு கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்ல, நம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கை இருக்கிறது. இசைவாணி. ராயபுரத்துப் பெண். இங்கிருந்து பஸ் ஏறினால் வெகு தூரமில்லை.

கானா நமக்குத் தெரியும். சாவு வீட்டில் விடிய விடியப் பாடியது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும், ரிக்‌ஷா மிதித்தவனும், கேரம் போர்டு சுற்றி உட்கார்ந்தவனும் பாடியது. ஆனால் பாடியது பெரும்பாலும் ஆண்கள். கானாவுக்குள் பெண் வந்தாள் என்றால், ஏமாற்றிய காதலியாக வந்தாள், அல்லது அம்மாவாக வந்தாள். மைக் பிடித்தவளாக வந்தது அரிது. இசைவாணியின் அப்பா இசைக்கலைஞர். சின்ன வயதிலேயே மேடை ஏறிய பெண் அவர். அப்படி ஏறியும், கானா மேடையில் ஒரு பெண்ணாக இடம் பிடிக்க அவருக்குப் பல வருடம் ஆனது.

2017 கடைசியில் இயக்குநர் பா.ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை உருவாக்கினார்கள். சாதியற்ற தமிழர் என்று பேசிய பண்டிதர் அயோத்திதாசரிடமிருந்து வந்த பெயர் அது. 2018 ஜனவரி 6ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சி. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் ஒரே மேடையில், எல்லோரும் கோட் சூட் போட்டு நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரே பெண் இசைவாணி. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் சென்னை நகரத்தின் நடுவில் பாடினார்கள். யூடியூப் வழியாக அது உலகமெல்லாம் போனது. 2020 நவம்பரில் பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் ராயபுரத்து இசைவாணி இருந்தார். 2021இல் பிக் பாஸ் ஐந்தாம் சீசனுக்குள் போனார். சபாக்கள் எதுவும் கூப்பிடாத ஒரு குரலை போன் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது மறுபக்கம். 2018இல் அந்தக் குழு மேடையேற்றிய பாட்டுகளில் ஒன்று 'ஐ ஆம் சாரி ஐயப்பா'. பெண் உள்ளே வந்தால் என்ன தவறு என்று கேட்கிற பாட்டு. ஆறு வருடம் அது இணையத்தில் கிடந்தது. 2024 நவம்பரில், ஐயப்ப பக்தர்கள் மாலை போடும் கார்த்திகை மாதத்தில், அதைத் தோண்டி எடுத்தார்கள். பல ஊர்களில் போலீஸில் புகார் கொடுத்தார்கள். இசைவாணிக்கு மிரட்டல்களும் ஆபாச அழைப்புகளும் குவிந்தன. அந்தப் பாட்டு அவருடைய தனிப்பாட்டு அல்ல. ஒரு குழுவின் பாட்டு. மேடையில் அத்தனை ஆண்கள் வாசித்தார்கள். வசவு மட்டும் அந்த ஒரு பெண்ணைத் தேடி வந்தது.

தங்கையே, உன் கமெண்டுகளையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார். இரண்டு லட்சம் பார்வைக்கு வருகிற அதே சொற்கள்தான் பிபிசி பட்டியலில் இடம் பிடித்தவருக்கும் வருகின்றன. ஆகவே இன்னும் நன்றாகப் பாடினால் இது நின்றுவிடும், இன்னும் புகழ் வந்தால் நின்றுவிடும் என்று நினைக்காதே. உன் பாட்டில் குறை இருப்பதால் அவை வரவில்லை. 'புள்ளிங்கோ' என்ற சொல்லையே எடுத்துக்கொள். நம் வீட்டுப் பிள்ளைகளை நாம் பாசமாகக் கூப்பிடுகிற சொல். ஒரு கானாப் பாட்டு வைரலானதும் அதைப் பிடுங்கி, நம் பையன்களின் முடிவெட்டையும் நிறத்தையும் தெருவையும் கேலி செய்யும் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். சாதிப் பெயரைச் சொல்லாமல் சாதியைச் சொல்ல அவர்களுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் 2024இல் ஒரு வித்தியாசம் இருந்தது. இசைவாணி தனியாக நிற்கவில்லை. நீலம் பண்பாட்டு மையம் அறிக்கை விட்டது. பாட்டு குழுவுடையது, அவர் ஒருவரைக் குறிவைப்பது திட்டமிட்ட அவதூறு என்று வெளிப்படையாகச் சொன்னது. எழுத்தாளர்களும் இயக்கங்களும் பேசினார்கள். லட்சம் ஃபாலோயர் செய்யாத வேலையை, பக்கத்தில் நின்ற ஒரு கூட்டம் செய்தது. நம்மில் மொட்டை மாடியில் தனியாக நின்று பாடுகிற பிள்ளைக்கு அப்படி யார் இருக்கிறார்கள்? நான் கவலைப்படுவது இதைப் பற்றித்தான்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பகுதியில் நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு சொல், புறம்போக்கு. முப்பது வருடம் குடியிருந்திருப்போம். ரேஷன் கார்டு இருக்கும், கரண்ட் பில் இருக்கும். பட்டா இருக்காது. ஒரு நாள் காலையில் ஜேசிபி வந்து நிற்கும். இணையப் புகழும் அப்படி ஒரு குடியிருப்புதான். 2020 ஜூன் 29ஆம் தேதி ஒன்றிய அரசு 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக் அதில் ஒன்று. கூலி வேலை செய்துகொண்டே ஆடிப் பாடி, லட்சம் பேரைச் சேர்த்து வைத்திருந்தவர்களின் கணக்கு ஒரே ராத்திரியில் போனது. தடை சரியா தவறா என்பது வேறு விவாதம். அவர்கள் கட்டியது அடுத்தவன் நிலத்தில். காலி செய்யச் சொன்னால் கேட்க நாதியில்லை.

கணக்கையும் பார்ப்போம். குறும் வீடியோவை மட்டும் வைத்து யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமென்றால் 1000 சந்தாதாரர்களும், 90 நாளில் 1 கோடிப் பார்வையும் வேண்டும். நீள வீடியோ என்றால் 12 மாதத்தில் 4000 மணி நேரம் ஓடியிருக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஷார்ட்ஸ் பங்கில் 45 விழுக்காடுதான் நமக்கு. இரண்டு லட்சம் பார்வை சந்தோஷம்தான். அதை நம்பி கல்லூரியை விட முடியாது.

சேனல் யார் பேரில் இருக்கிறது என்பதும் முக்கியம். எனக்குத் தெரிந்த ஒரு கானாப் பாடகர், ஐயாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு சேனலுக்குப் பாடிக் கொடுத்தார். பாட்டு ஐம்பது லட்சத்தைத் தாண்டியது. கல்யாண வீட்டில் எல்லாம் போடுகிறார்கள். அவருக்கு அந்த ஐயாயிரம்தான். எழுதிக் கையெழுத்து போட்ட தாள்கூட இல்லை. பெரிய அளவிலும் இதே கதை உண்டு. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமே கேட்ட பாட்டு. எழுதியவர் அறிவு. அந்தப் பாட்டின் புகழை வைத்து அதே வருடம் ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன்' இந்தியப் பதிப்பு போட்ட அட்டைப்படத்தில் அறிவு இல்லை. நிலமில்லாதவர்களின் கதையைப் பாட்டாக்கியவருக்கே அட்டையில் இடம் இல்லை.

நம் முன்னோர் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பேரிலேயே பத்திரிகை தொடங்கினார். எந்தச் சொல்லால் இழிவுபடுத்தினார்களோ அதையே தலைப்பாக அச்சடித்தார். 1907இல் அயோத்திதாசர் இதே சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். விலை ஒரு பைசா, கூலிக்காரனும் வாங்க வேண்டும் என்று. 1920இல் பாபாசாகேப் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். அடுத்தவர் பத்திரிகையில் நம் கடிதம் வருமா என்று அவர்கள் காத்துக் கிடக்கவில்லை. தங்களுக்கென்று பத்திரிகை நடத்தினார்கள், தங்கள் பேரில் நடத்தினார்கள், வாசகர்களை இயக்கமாக்கினார்கள். இன்றைக்கு உங்கள் பையில் இருக்கும் போன், அவர்களுக்குக் கிடைக்காத அச்சகம்.

அந்த அச்சகத்தால் என்ன செய்ய முடியும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படிந்தது. மீனவர்கள் வெறும் கையால் அள்ளிக்கொண்டிருந்ததை நான் முதலில் பார்த்தது டிவியில் இல்லை, போனில். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மக்கள் தெருவில் ஓடினார்கள். அதையும் போனில்தான் பார்த்தேன். காசிமேட்டுக்கு வந்து மீன் வறுவல் தின்று வீடியோ போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு நம் ஊர் ஒரு பின்னணி. நமக்கு இது வீடு. இங்கே எது நடந்தாலும் அதைச் சொல்ல இங்கேயே ஒரு குரல் இருக்க வேண்டும்.

அதனால் தங்கைக்கு என் பதில். டெலீட் செய்யாதே. கல்லூரியையும் விடாதே. சேனல் உன் பேரில் இருக்கட்டும். யாருக்குப் பாடினாலும், பாட்டு யாருடையது, பங்கு எவ்வளவு என்று தாளில் எழுதி வாங்கு. கமெண்டை அழிப்பதற்கு முன் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடு. சாதிப் பெயர் சொல்லி பொதுவெளியில் இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். இணையத்தில் போடுவதும் பொதுவெளிதான் என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பெண் என்பதற்காக வரும் ஆபாசத்துக்கு சைபர் குற்றப் பிரிவு இருக்கிறது.

ஸ்டேஷனுக்குத் தனியாகப் போகச் சொல்லவில்லை. தனியாகப் போனால் "நீ ஏம்மா வீடியோ போடுறே" என்றுதான் முதலில் கேட்பார்கள். இந்தப் படிப்பகத்தில் இன்றிலிருந்து ஒரு நோட்டு வைக்கிறோம். யாருக்கு எந்த வசவு வந்தாலும் அதில் பதிய வேண்டும். புகார் கொடுக்கப் போகும்போது குறைந்தது ஐந்து பேர் கூடப் போவோம். நானும் வருவேன்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "போனைப் பிடுங்கிடுறேன்" என்று சொல்லாதீர்கள். திட்டியவன் போன் அவனிடம் பத்திரமாக இருக்கிறது. நம் பிள்ளை போன் மட்டும் எதற்குப் பீரோவுக்குள் போக வேண்டும்?

அடுத்த பாட்டை மொட்டை மாடியில் தனியாகப் பாட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து பாடு. தாளம் போட ஆள் இருக்கிறது. பின்னால் நாங்கள் எல்லோரும் ஃப்ரேமில் நிற்போம்.

ஜெய்பீம்.