மலைக்கு மேலே ட்ரோன்: ரிமோட் யார் கையில்?

(தோட்ட இளைஞர் யுவதிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சில மாதங்களுக்கு முன் நமது அங்கத்தவர்கள் வேலை செய்யும் ஒரு தோட்டத்தில் மருந்தடிக்க ட்ரோன் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து இரண்டு பொடியன்கள் வேனில் வந்து இறங்கினார்கள். இருபது வருடமாக முதுகில் தாங்கி சுமந்து மருந்தடித்த நம் தோழர்கள் அன்று அவர்களுக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்தார்கள். அடுத்த வாரம் அந்த வேலையும் இல்லை.

மெஷினைத் தோட்டத்துக்குள் விடவே கூடாது என்றுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். அதை ஒளிப்பதற்கில்லை. மருந்தடிக்கும் தோழர்களிடம் பேசிய பிறகுதான் எண்ணம் மாறியது. மழைக்காலத்தில் கொப்புள நோய்க்கு மருந்தடிக்கும்போது 16 லீட்டர் தாங்கியோடு வழுக்கும் சரிவில் ஏறுவது என்னவென்று அவர்களுக்குத் தெரியும். மூச்சில் போகும் மருந்தும் தெரியும். அந்தத் தாங்கியைத் தங்கள் பிள்ளைகளின் முதுகிலும் ஏற்ற வேண்டும் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அந்த மெஷினை நம் பிள்ளைகள் ஓட்டக்கூடாதா என்றுதான் கேட்டார்கள்.

ஓட்டலாம். ஆனால் கலியாண வீட்டில் படம் பிடிக்கும் சின்ன ட்ரோனை நினைத்துக்கொண்டு வராதீர்கள். 16 லீட்டர் மருந்து நிறைந்த விவசாய ட்ரோன் ஏறத்தாழ 40 கிலோ நிற்கும். கொழுந்து பறிக்கும் நிரைக்கு மேல் அது விழுந்தால் என்ன நடக்கும்? அதனால்தான் பயிற்சி வேண்டும் என்கிறோம். நமது மலை வயல்வெளி அல்ல. சரிவுக்கு ஏற்ப உயரத்தை மாற்ற வேண்டும். நிழல் மரம், மின்கம்பி, திடீரென்று இறங்கும் பனிமூட்டம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். காற்று அடித்தால் மருந்து லயத்துக்கும் பீலித் தண்ணீருக்கும் போய்விடும். ஒரு பற்றரி சில நிமிடங்கள்தான் தாங்கும். எப்போது பறக்கவிடக்கூடாது என்று தெரிந்தவரே நல்ல ஓட்டுநர். நமது மலையின் காற்றையும் மூட்டத்தையும் தெரிந்த பிள்ளைக்கு இதில் பாதிப் பாடம் ஏற்கனவே வந்துவிட்டது.

அடுத்தது சான்றிதழ். இலங்கையில் ட்ரோன் விடயத்தில் அதிகாரம் உள்ளது சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு. 2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு ட்ரோன் பறப்பதையே நிறுத்தி வைத்தார்கள். சட்டத்தோடு நெருங்கிய தொழில் இது. ஆகவே யாராவது இரண்டு நாள் வகுப்பு வைத்து, வண்ணக் கடதாசியில் ஒரு பத்திரம் கொடுத்தால் ஏமாறாதீர்கள். காசு கட்டுவதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தச் சான்றிதழை அதிகாரசபை ஏற்குமா? பதில் மழுப்பலாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். அம்மாவின் சேமலாப நிதிக் காசு அந்தக் கடதாசிக்குப் போகக்கூடாது.

முறையான சான்றிதழ் இருந்தால் தோட்டத்தோடு கட்டுண்டு கிடக்கவும் வேண்டாம். நில அளவை, கட்டிட வேலை, படப்பிடிப்பு என்று வேறு இடங்களும் உண்டு. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்ததை நாம் மறக்கவில்லை. மலை உச்சியில் வெடிப்பு விழுந்திருக்கிறதா என்று ஆளை அனுப்பாமல் மேலிருந்து படம் எடுத்துப் பார்க்க இன்று முடியும். அந்த வேலையை லயத்துப் பிள்ளை செய்தால், தன் சொந்தங்கள் படுத்திருக்கும் இடத்தைத்தான் அது பார்க்கும்.

யுவதிகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2023இல் 15,000 பெண்கள் சுயஉதவிக் குழுக்களுக்கு விவசாய ட்ரோன் கொடுக்கும் திட்டத்தை அறிவித்து, பெண்களையே ஓட்டுநர்களாகப் பயிற்றுகிறார்கள். இங்கே கொழுந்து பெரும்பாலும் பெண்கள் கையில். ரிமோட் மட்டும் ஆண் கைக்குத்தான் என்று எந்தக் கங்காணியும் சொல்ல வேண்டாம்.

இனி கம்பனிகளிடம் நாம் கேட்பது. நாட்சம்பளம் 1000 ரூபாவாக 2021 வரையும், அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாவாக 2024 வரையும் காத்திருந்தோம். ட்ரோன் ஓட்டுநருக்கும் அப்படிக் காத்திருக்க முடியாது. மெஷின் வருவதற்கு முன் பயிற்சி வர வேண்டும். முதல் இடம் மருந்தடிப்பவர்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும். பயிற்சி நாட்களுக்கு முழுப்பேர் போட வேண்டும். செலவு கம்பனியுடையது, சான்றிதழ் தொழிலாளியின் பெயரில். வேலை ஒப்பந்தக்காரர் மூலம் அல்ல. சேமலாப நிதி, நம்பிக்கை நிதியோடு நிரந்தரமாக. கற்றுக்கொள்ள முடியாத வயதில் இருக்கும் தோழர்களுக்கு அதே சம்பளத்தில் வேறு வேலை. இந்தக் கடைசிக் கோரிக்கையில்தான் கம்பனிகள் அதிகம் இழுத்தடிக்கும். நாம் விட்டுக்கொடுக்கக் கூடாததும் அதுதான்.

பயிற்சிக்கு விருப்பமுள்ள இளைஞர் யுவதிகள் அடையாள அட்டைப் பிரதியையும் சாதாரண தரப் பெறுபேற்றையும் உங்கள் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். பெறுபேறு குறைவு என்று வெட்கப்பட்டு நின்றுவிட வேண்டாம். பெயரைக் கொடுங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் துரையோடு பேசப் போகிறோம்.