ஒரு வண்டுக்கு எத்தனை பேர்?

இந்த எபிசோடுல ஜப்பான் போறோம், ஒரு வண்டைப் பார்க்க. வண்டான்னு அனிமே ஆளுங்க யாரும் கிளம்பிடாதீங்க, நடுவுல ஆஸ்ட்ரோ பாய் வரைஞ்சவர் வருவார்.

ஜப்பான்ல இதுக்குப் பேர் மைமைகபுரி. 'மைமை'ன்னா நத்தை. 'கபுரி'க்கு ரெண்டு அர்த்தம் சொல்றாங்க: தலையில மாட்டிக்கிறதுன்னு ஒண்ணு, கடிக்கிறதுன்னு ஒண்ணு. இது சாப்பிடுறதைப் பார்த்தா ரெண்டுமே சரின்னுதான் தோணும். நத்தை ஓட்டுக்குள்ள தலையையும் கழுத்தையும் சேர்த்து விட்டு, செரிமான நீரைக் கக்கி, சதையைக் கூழாக்கி உறிஞ்சிடும். வெளியில இருந்து பார்த்தா வண்டு ஹெல்மெட் போட்டுட்டு நிக்கிற மாதிரி இருக்கும். உடம்பும் அந்த வேலைக்கு ஏத்த மாதிரிதான். முன்பக்கம் ஒல்லியா நீளமா, பின்பக்கம் குடம் மாதிரி, படுக்க வச்ச வீணைன்னு வச்சுக்கங்க. 3 முதல் 6 சென்டிமீட்டர் வரைக்கும் இருக்கும். தரைவண்டுகள்ல இது ராட்சச சைஸ். சீண்டினா பின்பக்கத்துல இருந்து மெத்தாக்ரிலிக் அமிலம் அடிக்கும், அக்ரிலிக் ஷீட் செய்யுற அதே கெமிக்கல் குடும்பம்.

ரெண்டு விஷயத்தை மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. ஜப்பானைத் தவிர வேற எங்கயும் இந்த வண்டு இல்ல. அப்புறம், இதால பறக்க முடியாது. மேல் சிறகு ரெண்டும் ஒண்ணா ஒட்டிக்கிச்சு. ஒரு ஆறோ மலையோ கடலோ குறுக்க வந்தா அங்கயே நின்னுடும். அதனால ஊருக்கு ஊர், தீவுக்குத் தீவு இதோட தோற்றம் மாறும். ஒரு இடத்துல முழுக் கறுப்பு, இன்னொரு இடத்துல கழுத்து பச்சையோ செம்போ மின்னும், ஒரு தீவுல தலையே பருத்துப்போயிருக்கும். பேர் வைக்கிறவங்களுக்கு இது திருவிழா.

முதல்ல பேர் வச்சவர் வின்சென்ஸ் கொல்லர். நம்ம ஊர் கொல்லர் இல்ல, வியன்னா அருங்காட்சியகக் கொல்லர். வருஷம் 1836. அவர் வச்ச பேர் டமாஸ்டர் பிளாப்டாய்டிஸ். பிளாப்ஸ்னு வேற ஒரு கறுப்பு வண்டு இருக்கு, 'அது மாதிரி இருக்கிறது'ன்னு அர்த்தம். அப்போ ஜப்பான் வெளியாட்களுக்குக் கதவைச் சாத்தியிருந்த காலம். 1859-ல யோகோஹாமா, நாகசாகி, ஹகோதாதே துறைமுகங்கள் வியாபாரத்துக்குத் திறந்ததும் ஐரோப்பியர்கள் வந்து இறங்குறாங்க, கூடவே பூச்சிப் பெட்டியும் வருது.

ஆர்தர் ஆடம்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர். அவருடைய உண்மையான ஆர்வம் நத்தையும் சிப்பியும். அவர் ஃபார்ச்சுனைன்னு ஒரு டமாஸ்டர் இனத்துக்குப் பேர் வைக்கிறார். நத்தையைப் படிக்கிறவரே நத்தையைத் தின்கிறதுக்குப் பேர் வைக்கிறார், பாருங்க. ரஷ்யாவோட மோட்சுல்ஸ்கி வடக்கே ஹொக்கைதோ வண்டைப் பார்த்து ரூகிபென்னிஸ்ங்கிறார், 'சுருக்கச் சிறகு'ன்னு அர்த்தம். ஜார்ஜ் லூயிஸ்னு ஒரு தேயிலை வியாபாரி ஜப்பான் முழுக்கச் சுத்தி வண்டு சேர்க்கிறார். அவர் ஒண்ணுக்கு விரிடிபென்னிஸ், அதாவது 'பச்சைச் சிறகு'ன்னும், சாதோ தீவுல கிடைச்சதுக்குக் கேப்பிட்டோ, 'மண்டைக்காரன்'னும் பேர் வைக்கிறார். அவர் அனுப்பின பெட்டிகளைப் பிரிச்சு லண்டன்ல உக்காந்து பேர் வச்சவங்கள்ல ஒருத்தர் ஹென்றி பேட்ஸ், அமேசான் காட்டுல 11 வருஷம் இருந்தாரே, அதே பேட்ஸ். லூயிஸோட பேர்லயே லூயிசின்னும் ஒண்ணு உண்டு, அதை வச்சவர் ரை. இன்னும் சிலர் இருக்காங்க, விடுங்க.

இவங்க யாரும் சோம்பேறிங்க இல்ல. கையில இருந்தது ஒண்ணு ரெண்டு வண்டு. வடக்குல இருந்து ஒண்ணு, தெற்குல இருந்து ஒண்ணுன்னு பக்கத்துல வச்சுப் பார்த்தா வேற வேற இனம்னுதான் யாருக்கும் தோணும். நடுவுல இருக்கிற ஊர்களோட வண்டு வந்து சேரும்போதுதான், இது படிப்படியா மாறிட்டே போகுதுன்னு தெரியும்.

ஐடி ஆளுங்களுக்கு இது பழகின கதை. ஒரே பக்குக்கு ஆறு பேர் ஆறு டிக்கெட் போடுவாங்க. லாகின் வரலன்னு ஒருத்தர், ஸ்கிரீன் வெள்ளையா இருக்குன்னு ஒருத்தர். அப்புறம் யாராவது உக்காந்து எல்லாத்தையும் படிச்சு, டூப்ளிகேட்னு மார்க் பண்ணி ஒண்ணா சேர்ப்பாங்க. உயிரியல்ல இந்த வேலைக்குப் பேர் ரிவிஷன். பழைய மாதிரிகள், பழைய கட்டுரைகள் எல்லாத்தையும் எடுத்து, எந்தப் பேர் நிக்கும், எது இன்னொண்ணோட சினோனிம்னு முடிவு பண்றது. உலகத்துல தரைவண்டு மட்டும் சுமார் 40,000 இனம் இருக்கு, இந்த வேலை எப்போ முடியும்னு கேக்காதீங்க.

இதுக்கு ஒரு சட்டப் புத்தகமே இருக்கு, விலங்குப் பேரிடலுக்கான சர்வதேச விதித்தொகுப்பு. அடிப்படை விதி, முதல்ல வச்ச பேர்தான் செல்லும். பின்னாடி வந்தவர் பத்து மடங்கு நல்லா விவரிச்சிருந்தாலும், அழகா படம் போட்டிருந்தாலும், பழைய டிக்கெட் நம்பர்தான் நிக்கும். அதனாலதான் பிளாப்டாய்டிஸ் ஜெயிக்குது, 1836-ஐ யாரும் முந்தல.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அடுத்தது. ஒரு பேர் ஒட்டிக்கிட்டு இருக்கிறது விளக்கத்தோட இல்ல, ஒரு உடம்போட. டைப் ஸ்பெசிமன்னு சொல்லுவாங்க. ஏதோ ஒரு அருங்காட்சியகத்துல ஊசி குத்தி வச்சிருக்கிற ஒரு வண்டு, அதுதான் அந்தப் பேரோட நங்கூரம். நம்ம பாஷைல பாயின்டர். ரெண்டு பேர் ஒரே உடம்பைக் காட்டுச்சுன்னா விவாதமே வேண்டாம், ரெண்டும் ஒண்ணு. அதுக்கு அப்ஜெக்டிவ் சினோனிம்னு பேர். ஆனா ரெண்டு பேர் ரெண்டு வேற உடம்பைக் காட்டுது, 'இந்த ரெண்டு உடம்பும் ஒரே இனம்தான்'னு ஒரு நிபுணர் சொல்றார்னா, அது சப்ஜெக்டிவ் சினோனிம். அதாவது அது ஒரு தீர்ப்பு. நாளைக்கு இன்னொருத்தர் வந்து மாத்தி எழுதலாம். அதனால சினோனிம் ஆன பேரை யாரும் டெலீட் பண்றதில்ல. தேவைப்பட்டா திரும்பி எழுந்து வரும்.

சரி, பழைய பேர்தான் செல்லும்னா, யாராவது தூசு தட்டி ஒரு 1790-ஆம் வருஷத்துக் கட்டுரையை எடுத்துட்டு வந்து, எல்லாருக்கும் தெரிஞ்ச பேரைக் கவுத்துட மாட்டாங்களா? அதுக்கும் ஒரு விதி வச்சிருக்காங்க. 1899-க்கு அப்புறம் அந்தப் பழைய பேரை யாருமே செல்லுபடியான பேரா பயன்படுத்தியிருக்கக் கூடாது. புதுப் பேரைக் கடந்த 50 வருஷத்துல, குறைஞ்சது 10 ஆசிரியர்கள், குறைஞ்சது 25 வெளியீடுகள்ல பயன்படுத்தியிருக்கணும், அதுவும் குறைஞ்சது 10 வருஷத்துக்குப் பரவியிருக்கணும். இதெல்லாம் இருந்தா புதுப் பேரே நிக்கலாம். பேக்வர்ட் கம்பாட்டிபிளிட்டி பத்தி இவ்வளவு தெளிவா எழுதின டாக்குமென்டை நான் எந்த ஆபீஸ்லயும் பார்த்ததில்ல.

நம்ம வண்டுக்கு வருவோம். ஆடம்ஸும் லூயிஸும் வச்ச பேர்கள் எல்லாம் டூப்ளிகேட்னு ஒரேயடியா மூடப்படல. தனி இனம்ங்கிற பதவி போச்சு, ஆனா துணையினமா பல பேர் உயிரோட இருக்கு. பிளாப்டாய்டிஸ் கேப்பிட்டோ, பிளாப்டாய்டிஸ் ரூகிபென்னிஸ்னு மூணாவது பேரா வால் மாதிரி ஒட்டிக்கிச்சு. மூடின டிக்கெட்னு சொல்ல முடியாது, சப்-டாஸ்க்னு சொல்லலாம்.

ஜப்பான்ல தரைவண்டு சேர்க்கிறது ஒரு பெரிய பொழுதுபோக்கு. இந்தக் கூட்டத்து வண்டுகளுக்கு அங்க ஒசாமுஷின்னு பேர். ஆஸ்ட்ரோ பாய் வரைஞ்ச தெசுகா ஒசாமு இருக்காரே, அவர் சின்ன வயசுல பூச்சிப் பைத்தியம். இயற்பேர் ஒசாமு. ஒசாமுஷி வண்டு மேல இருந்த ஆசையில அந்தப் பேரோட 'பூச்சி'ங்கிற எழுத்தையும் சேர்த்துப் புனைபேரா வச்சுக்கிட்டார். இப்படி வார இறுதியில பூச்சி பிடிக்கிற அமெச்சூர்கள் நாடு முழுக்க இருந்ததால, 1990-கள்ல ஒசாவா ஷோசோங்கிற மூலக்கூறு உயிரியலாளர் தகாத்சுகி ஊர்ல இருக்கிற ஜேடி பயோஹிஸ்டரி ஆராய்ச்சிக் கூடத்துல ஒரு பெரிய வேலையைத் தொடங்கும்போது, அவருக்கு எல்லா மூலையில இருந்தும் வண்டு கிடைச்சது. அவங்க மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எடுத்துக் குடும்ப மரம் போட்டாங்க. மைமைகபுரி மரம் முதல்லயே ரெண்டா பிரிஞ்சுது, ஜப்பானோட கிழக்கு-வடக்குப் பக்கம் ஒரு கிளை, மேற்குப் பக்கம் ஒரு கிளை. சுமார் 1.5 கோடி வருஷம் முன்னாடி ஜப்பான் நிலப்பகுதி ஆசியாவுல இருந்து விலகினதோட இதை அவங்க சேர்த்துப் பார்த்தாங்க.

டிஎன்ஏ வந்தாச்சு, கேஸ் முடிஞ்சுதுன்னு அவசரப்படாதீங்க. இதோட சொந்தக்காரங்க ஒஹோமாப்டெரஸ்னு ஒரு ஜப்பானியக் கூட்டம் இருக்கு. அதுல சோதா, வோக்லர்னு ரெண்டு பேர் 2001-ல பார்த்தது என்னன்னா, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ ஒரு மரம் காட்டுது, உட்கரு டிஎன்ஏ வேற மரம் காட்டுது. பக்கத்து இனத்தோட கலப்பு நடந்து, மைட்டோகாண்ட்ரியா மட்டும் வேலி தாண்டிப் போயிருக்கு. ஒரே ஒரு ஜீனை வச்சு ரிவிஷன் எழுதுறவங்களைப் பார்த்தா எனக்கு ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் ஓட்டிட்டு ரிலீஸ் பண்றவங்க ஞாபகம்தான் வரும்.

இப்போ சாதோ தீவு. நீகாட்டா கரைக்கு எதிர்ல, தங்கச் சுரங்கத்துக்குப் பேர் போன தீவு. இங்க இருக்கிற கேப்பிட்டோவுக்கு மண்டை பெருசு, கழுத்து குட்டை. தனி இனமா இருந்தவரைக்கும் 'அது வேற, இது வேற'ன்னு எல்லாரும் நகர்ந்து போயிருப்பாங்க. ஒரே இனம்னு சேர்த்த உடனேதான் கேள்வி வருது: ஒரே வண்டு ஏன் இப்படி ரெண்டு எதிர்த் திசையில போச்சு?

கொனுமா, சிபான்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2007-ல இதுக்கு ஒரு பதில் சொன்னாங்க. ஒல்லி வண்டு ஓட்டு வாசல் வழியா உள்ள நுழைஞ்சு சாப்பிடும். மண்டை வண்டு தாடையால ஓட்டை உடைச்சுச் சாப்பிடும். நுழையணும்னா தலை ஒல்லியா இருக்கணும். உடைக்கணும்னா தாடைத் தசைக்குத் தலையில இடம் வேணும். ரெண்டும் ஒரே மண்டையில அடங்காது.

அப்புறம் இந்த ரெண்டு வகையையும் ஆய்வகத்துல சேர்த்து வளர்த்தாங்க. குட்டி பிறந்துச்சு. அந்தக் குட்டிகளுக்கும் குட்டி பிறந்துச்சு. பள்ளிக்கூடத்துல படிச்ச விளக்கப்படி பார்த்தா ஒரே இனம், ரிவிஷன் பண்ணவங்க ஜெயிச்சாங்க. ஆனா 2013-ல வந்த இன்னொரு கட்டுரை என்ன சொல்லுதுன்னா, நடுத்தர உடம்போட பிறந்த கலப்பு வண்டு நுழையிறதுலயும் சரியில்ல, உடைக்கிறதுலயும் சரியில்ல. காட்டுல விட்டா பட்டினிதான் கிடக்கும். அப்போ இயற்கை இந்த ரெண்டையும் பிரிச்சு வைக்கத்தான் பார்க்குது. 'மண்டைக்காரன்'னு பேர் வச்ச அந்தத் தேயிலை வியாபாரி கண்ணால பார்த்துச் சொன்னதுல விஷயம் இருந்திருக்கு.

என்னைக் கேட்டா, ஒரே இனம்ங்கிறது சரி, ஆனா அந்த மூணாவது பேரைத் தூக்கக் கூடாது. ஒரு தீவுல மட்டும் இருக்கிற ஒண்ணைப் பிளாப்டாய்டிஸ்னு மட்டும் எழுதி வச்சா, 'அதான் ஜப்பான் முழுக்க இருக்கே'ன்னு ஒரு வரியில முடிச்சுடுவாங்க. பட்டியல் போடுறவங்க கணக்கு எடுக்கிறது பேரை வச்சுத்தான்.

தேடிப் பார்க்கிறவங்களுக்கு ஒரு குறிப்பு. சில கட்டுரைல டமாஸ்டர் பிளாப்டாய்டிஸ்னு இருக்கும், சிலதுல கராபஸ் பிளாப்டாய்டிஸ்னு இருக்கும். ரெண்டும் இதே வண்டுதான். டமாஸ்டரைத் தனிப் பேரினமா வைக்கிறவங்களும் இருக்காங்க, கராபஸுக்குள்ள ஒரு பிரிவா வைக்கிறவங்களும் இருக்காங்க. எது எதுன்னு கண்டுபிடிக்க, பின்னாடி இருக்கிற கொல்லர், 1836-ஐப் பாருங்க. அது அடைப்புக்குறிக்குள்ள இருந்தா, அவர் வச்ச பேரினத்துல இருந்து வண்டை யாரோ இடம் மாத்தியிருக்காங்கன்னு அர்த்தம். ரெண்டே ரெண்டு வளைவுக் கோடு, ஒரு முழு மூவ் ஹிஸ்டரி.

யூடியூப்ல இது நத்தை சாப்பிடுற வீடியோ நிறைய கிடக்கு. சாப்பிடும்போது மட்டும் பார்க்காதீங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.