மழைமானியும் அதன் மின்சாரமும்

(கொடைக்கானல் வட்டாரப் பஞ்சாயத்துத் தலைவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய சொற்பொழிவு)



2018 நவம்பரில் கஜா புயல் வீசியபோது இம்மலையில் மரங்கள் சாய்ந்து மின்சாரம் நின்றதை எவரும் மறந்திரார். மழையளவு மிகத் தேவைப்படும் நாளில்தான் மின்கம்பி அறுந்து கிடக்கிறது. ஆதலின் தானியங்கி மழைமானி சூரியத் தகட்டையும் பாட்டரியையுமே நம்பி நிற்கிறது.

அதனுள் இருப்பது உள்ளங்கையில் அடங்கும் கணிப்பொறிப் பலகை. நீர் நிறைந்ததும் சிறு வாளி ஒன்று கவிழும். ஒவ்வொரு கவிழ்ப்பும் மின் துடிப்பாகப் பலகையின் ஒரு முனைக்கு வரும். செய்தியை வெளியே அனுப்பும் மோடம் வேறொரு முனையில் இருக்கும்.

கணக்கைப் பாருங்கள். பலகை 2 வாட் வீதம் ஓயாது உழைத்தால் நாளொன்றுக்கு 48 வாட்-மணி செலவாகும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பாட்டரியில் உள்ளதோ 84. மூடுபனி கவிந்துவிட்டால் இரண்டு நாள் கூடத் தாங்காது. கால் மணிக்கு ஒரு நிமிடமே விழித்தால் 3.2 வாட்-மணி போதும். உறங்கும் வேளையில் வாளியை எண்ணுவது யார்? அதற்கெனச் சிறு சில்லு ஒன்று விழித்திருக்கும். அதன் தீனி மிகச் சொற்பம். பெருந்தீனிக்காரன் மோடமே. அனுப்பும் நேரம் தவிர அதன் மின்சாரத்தை அறவே துண்டித்துவிட வேண்டும்.

ஓர் ஊரில் இந்தப் பாட்டரியிலிருந்து கைப்பேசிகளுக்கு மின்னேற்றியதைக் கண்டோம். குற்றஞ்சொல்ல மனம் வரவில்லை. மூன்று நாளாக அவ்வூரில் விளக்கில்லை. ஆயினும் அன்றிரவே பெட்டி ஊமையாயிற்று. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கத்தார் கைப்பேசிக்கெனத் தனித் தகடு கேட்டுத் தீர்மானம் அனுப்பினால், பரிந்துரைக்க நாங்கள் ஆயத்தமாயிருக்கிறோம்.