கயிலை யாத்திரையும் மலைநோயும்



கயிலை யாத்திரைக்கு விரதமும் செபமும் பயின்று ஆயத்தமாகும் நாம், அவ்வுயரத்தில் உடம்பு என்ன பாடுபடும் என்பதை விசாரிப்பதில்லை. எமது பிதுருதலாகலை 8,281 அடி. மானசரோவர்க் கரையோ ஏறக்குறைய 15,000 அடி; கயிலையை வலம் வருவோர் கடக்கும் டோல்மா கணவாய் 18,000 அடிக்கும் மேல். அங்கே காற்றமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதியளவே. காற்றில் பிராணவாயுவின் பங்கு குறையவில்லை; காற்றே ஐதாகிவிடுகிறது. ஆதலால் ஒவ்வொரு மூச்சிலும் குருதியிற் சேரும் பிராணவாயு குறைகிறது. சில நாட்களில் உடம்பு ஓரளவு பழகிக்கொள்ளும். பழகுமுன் விரைந்தேறினால் தலையிடி, குமட்டல், சோர்வு, நித்திரையின்மை தோன்றும். இதுவே மலைநோய். தேகபலமுள்ள வாலிபரையும் அது விடாது; அவர்கள்தாமே ஓடி ஏறுபவர்கள்!

தலையிடியை மறைத்து நடப்பதைப் பக்தி என்று எண்ணுவோர் உளர். கயிலை நோக்கிச் சென்று உடல் தேய்ந்த அப்பர் சுவாமிகளை இறைவனே திருப்பி, திருவையாற்றில் அக்காட்சியை அருளினார் என்று பெரியபுராணம் கூறும். அவர் பக்தியிற் குறைந்தவரா?

10,000 அடிக்கு மேல் இராத் தங்குமிடத்தை நாளொன்றுக்கு 1,500 அடிக்கு அதிகம் உயர்த்தலாகாது. மூன்று நான்கு நாளுக்கொருமுறை ஒருநாள் தரித்திருத்தல் வேண்டும். மது கூடவே கூடாது. தலையிடி தீருமுன் மேலே ஏறலாகாது. இருந்த இடத்திலேயே மூச்சு முட்டினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுத் தடுமாறினாலோ சுவாசப்பையில் அல்லது மூளையில் நீர் கோத்திருக்கக்கூடும். இரவென்றும் பாராது உடனே கீழே இறக்கவேண்டும். அசெற்றசோலமைட்டு மாத்திரையை ஏறுவதற்கு முதல்நாளே தொடங்கலாம். வைத்தியரைக் கேட்டே தொடங்குக. கந்தகச் சேர்க்கையுள்ள சல்பா மருந்துகள் ஒவ்வாதோர் அதனை அவரிடம் முன்னரே சொல்லிவிடவேண்டும்.