ஓயாப் பயிற்சியும் இளையோர் இயல்பும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நம் மல்லேஸ்வரத்துக் கனரா யூனியன் மண்டபத்தை இங்கு அறியாதார் இலர். இறகுப்பந்து வீரர் பிரகாஷ் படுகோன் சிறுவயதில் ஆடிப் பழகிய இடம் அது. கலியாணம் நடக்கும் மண்டபம். விசேஷம் இல்லாத நாளில்தான், பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே ஆட ஓடுவார்கள். 1970இல் மாநில இளையோர் போட்டியின் முதற்சுற்றிலேயே தோற்ற அச்சிறுவர், 1980இல் ஆல் இங்கிலாந்துப் பட்டம் வென்ற முதல் இந்தியரானார். முகூர்த்த நாட்களே அவரை வீரராக்கின என்று நான் கூறவில்லை. கூறினால் சமையற்காரர்களும் புகழில் பங்கு கேட்பார்கள்! ஆயினும், இன்று பந்தயங்களுக்கென்றே பழகும் நம் பிள்ளைகளுக்கு அத்தகைய ஓய்வுநாள் ஒன்றேனும் உண்டா?

உடல், பயிற்சியில் தேய்ந்து ஓய்வில் உரம் பெறுவது. தேறுமுன் மேலும் மேலும் வருத்தினால் திறன் குன்றும், உறக்கம் கெடும், பசி மந்தமாகும், காரணமின்றிச் சினம் எழும். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மார்கன் என்பாரும் அவர்தம் துணைவரும் நீச்சல் வீரர்களைப் பத்தாண்டுகள் ஆராய்ந்து 1987இல் முடிவை வெளியிட்டனர். பயிற்சிச் சுமை ஏற ஏற மனக்கலக்கமும் ஏறிற்று. சுமை குறைந்தபோது தணிந்தது.

இங்கேதான் பிள்ளையின் இயல்பைக் கவனிக்க வேண்டும். சற்றே சோம்பலுள்ள பிள்ளை, கால் வலிக்கிறதென்று படுத்துத் தப்பித்துக் கொள்வான். இடர் நாம் மெச்சும் பிள்ளைக்குத்தான். சிறு குறையும் பொறாதவள், ஆசான் சொல்லைத் தட்டாதவள், தோல்வியைத் தன் குற்றமாகவே கொள்பவள் வலியை மறைப்பாள். ஆட்டம் சரிந்தால் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக ஆடுவாள். நாமோ, "என்ன உழைப்பு!" என்று பூரித்து நிற்கிறோம். வளரும் எலும்பின் முனைகள் இன்னும் கெட்டிப்படாத வயதல்லவா அது?

ஆகவே, ஓய்வு கேட்கும் பொறுப்பை அவளிடம் விடுதல் தகாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் கூறியது இது: வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு, அன்றியும், ஒவ்வொரு மாதமாகப் பிரித்து, ஆண்டில் மூன்று மாதமேனும் அந்த ஆட்டத்தினின்று விலகியிருத்தல். மூன்று மாதமா என்று நம்மவர் திகைப்பர்; பயிற்சிக்கூடங்களோ கோடை விடுமுறையில்தான் நாளுக்கு இருவேளை அழைக்கின்றன!

காலையில், "எத்தனை மணிக்கு எழுந்தாய்?" என்று கேட்பதை விடுத்து, "நன்றாக உறங்கினாயா? இன்று ஆட விருப்பமா?" என்று கேளுங்கள். விடை சில நாட்கள் தொடர்ந்து மாறினால் மருத்துவரிடம் காட்டுங்கள். முற்றிய சோர்வு தீர, வாரங்கள் போதா, மாதங்களே ஆகும்.